மலைக்கோயிலிலிருந்து மாகிம் வரை: பைசாந்திய அன்னை ஓவியமும் மும்பைத் தமிழரின் அடைக்கல உணர்வும்

முன்னுரை

மும்பை மாகிமில் உள்ள புனித மிக்கேல் ஆலயத்திற்குப் புதன்கிழமைதோறும் பல்லாயிரம் மக்கள் வருகின்றனர். தாராவியிலிருந்து நடந்தும், மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளிலிருந்து பேருந்திலும் தொடர்வண்டியிலும் வந்து சேரும் தமிழரும் அவர்களுள் அடங்குவர். வருவோருள் கிறித்தவர் அல்லாதாரும் பலர். அனைவரும் வேண்டி நிற்பது ஓர் ஓவியத்தின் முன்னர். பொன்னிறப் பின்புலத்தில் கருநீல மேலாடை அணிந்த தாய். அவள் கையில் குழந்தை. இருபுறமும் இரண்டு வானதூதர். ஓவியத்தில் சில எழுத்துகளும் உள்ளன. அவை கிரேக்க எழுத்துகள். அவற்றைப் படித்தறிந்து வணங்குவோர் அக்கூட்டத்தில் மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

தமிழில் 'இடைவிடா சகாய மாதா' என்றும் 'சதா சகாய மாதா' என்றும் வழங்கும் இவ்வோவியம் பைசாந்தியக் கலைமரபின் வழிவந்தது. இவ்வகை ஓவியத்தின் பழைய வடிவங்களுள் ஒன்று, மத்தியதரைக் கடல் தீவாகிய சைப்ரஸில் ஒரு மலையூர்க் கோயிலின் சுவரில் 1192ஆம் ஆண்டு தீட்டப்பட்டது. அம்மலைக்கோயிலுக்கும் மாகிமுக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. அத்தொலைவை இவ்வுருவம் எவ்வாறு கடந்தது என்பது முதல் வினா. எழுத்தும் தோற்றமும் அயலாயினும் மும்பைத் தமிழரிடம் அது அயன்மை தோன்றாது இடம்பெற்றமைக்குக் காரணம் யாது என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாக்களுக்கும் 'அடைக்கலம்' என்னும் கருத்தின் வழியே விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

துரோடோஸ் மலைக்கோயில்

சைப்ரஸ் தீவின் நடுவே துரோடோஸ் மலைத்தொடர் அமைந்துள்ளது. அதன் வடபுறச் சரிவில் உள்ள சிற்றூர் லகுதேரா. அவ்வூரை ஒட்டிய கோயில் 'பனாயியா து அராக்கு' எனப்படும். 'பனாயியா' என்பது 'முழுதும் தூயவள்' என்னும் பொருளில் கிரேக்கர் மரியாளுக்கு வழங்கும் பெயர். துரோடோஸ் பகுதியின் ஓவியக் கோயில்கள் ஒன்பதை யுனெஸ்கோ நிறுவனம் 1985இல் உலகப் பண்பாட்டுச் சின்னங்களாக அறிவித்தது. 2001இல் மேலும் ஒன்று சேர்க்கப்பட்டுப் பத்தாயிற்று. அவற்றுள் லகுதேராக் கோயிலும் ஒன்று.

வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது கோயிலாகவே தோன்றாது. மலைப்பனியையும் மழையையும் தாங்கும்பொருட்டு, குவிமாடத்தையும் உள்ளடக்கிச் செங்குத்தாகச் சரியும் மரக்கூரை ஒன்று பிற்காலத்தில் வேயப்பட்டுள்ளது. தானியக் களஞ்சியமோ என ஐயுறத்தக்க எளிய தோற்றம் அது. உள்ளே நுழைந்தால் சுவர் முழுவதும் ஓவியம். குவிமாடத்தின் உச்சியில் 'எல்லாம் வல்லவர்' என்னும் கோலத்தில் கிறிஸ்து காட்சியளிக்கிறார். தென்சுவரில் மரியாள் முழு உருவில் நின்று குழந்தையை ஏந்தியிருக்கிறாள். அவளுக்கு இருபுறமும் மேலே வானதூதர் இருவர். அவர்கள் கையில் மலரோ மணிமுடியோ இல்லை. சிலுவை, ஈட்டி முதலிய கருவிகளே உள்ளன. குழந்தை வளர்ந்தபின் எவற்றால் உயிர் துறக்கவுள்ளதோ அக்கருவிகளைத் தாயின் கையில் இருக்கும்போதே அதற்குக் காட்டுவது இவ்வோவியத்தின் உள்ளீடு.

வடசுவரில் முதியவர் சிமியோன் அதே குழந்தையை ஏந்தி நிற்கிறார். தாயின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முன்னுரைத்தவராக லூக்கா நற்செய்தி காட்டுபவர் அவரே. வரவிருக்கும் துயரை ஒரு சுவர் சொல்லாலும் மறுசுவர் கருவியாலும் உணர்த்துமாறு இவ்வோவியங்கள் இணைந்து நிற்கின்றன.

கோயிலில் உள்ள கல்வெட்டன்ன எழுத்துக்குறிப்பு இவ்வோவியப் பணி 1192ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவுற்றதைத் தெரிவிக்கிறது. இவ்வாண்டு கருதத்தக்கது. 1191இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சைப்ரஸைக் கைப்பற்றினார். 1192இல் தீவு லூசிஞான் மரபினர் கைக்கு மாறியது. பைசாந்திய ஆட்சி அத்தீவில் அத்துடன் முடிவுற்றது. ஓவியர் அரசியல் நிகழ்ச்சியை எண்ணியே இதனைத் தீட்டினார் எனத் துணிந்து கூறுவதற்கில்லை. ஆயினும் ஆட்சியும் காவலும் கைவிட்டுப்போன ஆண்டில் ஒரு மலையூர் மக்கள் தம் கோயிற்சுவரில் கண்டது இத்தாயின் உருவத்தையே என்பது வரலாறு.

கிரீட்டிலிருந்து உரோமைக்கு

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் உதுமானியத் துருக்கியரிடம் வீழ்ந்தது. கிரேக்க ஓவியக்கலை தொடர்ந்து செழிக்க இடமளித்த நிலங்களுள் முதன்மையானது, அப்போது வெனிஸ் அரசின்கீழ் இருந்த கிரீட் தீவு. அதன் தலைநகர் காண்டியா, மரப்பலகையில் தீட்டும் திருவோவியங்களுக்குப் பெயர்பெற்ற பட்டறை நகரமாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஆந்திரயாஸ் ரிட்சோஸ் என்னும் ஓவியர் 'பாடுகளின் அன்னை' எனப்படும் வகைக்கு நிலைத்த வடிவம் தந்தவராகக் கருதப்படுகிறார். தூதர் ஏந்திவரும் கருவிகளைக் கண்டு குழந்தை தலையைத் திருப்புகிறது. தன் இரு கைகளாலும் தாயின் கையைப் பற்றிக்கொள்கிறது. ஒரு காலின் செருப்பு கழன்று தொங்குகிறது. அச்சத்தால் ஓடிவந்து தாயை அணைந்த விரைவில் அது கழன்றது என்பது மக்களிடையே வழங்கும் விளக்கம். தாயோ குழந்தையை நோக்கவில்லை. வணங்க வந்தவரை நோக்குகிறாள்.

காண்டியாவின் ஓவியத்தொழில் எத்துணைப் பெரிதாக நடைபெற்றது என்பதற்கு 1499ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று சான்றாகிறது. வணிகர் இருவர் ஓவியர் மூவரிடம் 700 மரியாள் ஓவியங்களுக்கு ஒப்பந்தம் செய்தனர். அவற்றுள் 500 இலத்தீன் பாணியிலும் 200 கிரேக்கப் பாணியிலும் அமைய வேண்டும். ஒன்றரைத் திங்களுக்குள் முடிய வேண்டும். பைசாந்திய உருவம் ஏற்றுமதிப் பொருளாகவும் ஆயிற்று என்பதை இவ்வொப்பந்தத்தால் அறியலாம்.

அதே 1499ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று கிரீட்டிலிருந்து வந்த ஓவியம் ஒன்று உரோமை நகரின் புனித மத்தேயு ஆலயத்தில் நிறுவப்பட்டதாக மரபு கூறுகிறது. வணிகர் ஒருவர் அதனைக் கிரீட்டிலிருந்து கவர்ந்துவந்தார் என்பதும் அம்மரபுக் கதையின் பகுதி. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அங்கு வணங்கப்பெற்ற பின், 1798இல் பிரெஞ்சுப் படையினர் காலத்தில் அவ்வாலயம் இடிக்கப்பட்டது. ஓவியம் அகுஸ்தீன் சபைத் துறவியரால் காக்கப்பெற்றுப் பல்லாண்டுகள் பொதுமக்கள் பார்வையினின்று மறைந்திருந்தது. திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதனை இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்தார். 1866 ஏப்ரல் 26 அன்று உரோமையின் எஸ்குவிலின் குன்றில் உள்ள புனித அல்போன்சு ஆலயத்தில் அது மீண்டும் நிறுவப்பட்டது. மலைக்கோயில் மரபில் தோன்றிய உருவம் மீண்டும் ஒரு குன்றின்மேல் நிலைகொண்டது. ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் உயரமே உடைய அச்சிறு பலகையின் படிகள் பின்னர் உலகெங்கும் பரவின.

இவ்விடத்தில் பெயர் மாற்றம் ஒன்று நோக்கத்தக்கது. கிரேக்க மரபில் இவ்வுருவத்தின் பெயர் பாடுகளைச் சுட்டுவது. உரோமையில் நிலைபெற்ற பெயரோ இடைவிடாத உதவியைச் சுட்டுவது. ஓவியம் மாறவில்லை, பெயர் துன்பத்திலிருந்து துணைக்கு மாறிவிட்டது. தமிழுக்கு வந்தது இவ்விரண்டாம் பெயரே.

மாகிம்: அடைக்கலம் தந்த ஆலயம்

மும்பை வட்டாரம் கீழைத்திசைக் கிறித்தவத்தை ஐரோப்பியர் வருகைக்கு மிக முன்னரே அறிந்திருந்தது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தவரான காஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய கிரேக்க நூலில், 'கல்லியானா' என்னும் இடத்தில் பாரசீகத்தில் திருநிலைப்படுத்தப்பட்ட ஆயர் ஒருவர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். அவ்விடம் மும்பைக்கு அண்மையில் உள்ள கல்யாண் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1321இல் தாணே நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் நால்வர் கொல்லப்பட்டனர். அவர்கள் அங்குத் தங்கியிருந்தது நெஸ்தோரியக் கிறித்தவர் இல்லத்தில். இவ்விரு குறிப்புகளும் பழைய கீழைத்திருச்சபையினர் இக்கடற்கரையில் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. எனினும் அவர்களுக்கும் இன்றைய மாகிம் வழிபாட்டிற்கும் இடையே தொடர்ச்சி இல்லை. கிழக்கிலிருந்து நேரே வந்த மரபு அற்றுப்போக, கிழக்கில் தோன்றிய ஓவியம் மேற்கைச் சுற்றிக்கொண்டு இங்கு வந்தது என்பதே பொருந்தும்.

மாகிம் புனித மிக்கேல் ஆலயம் போர்த்துக்கீசியர் காலத்தது. 1534இல் நிறுவப்பட்டதாக ஆலய வரலாறு கூறுகிறது. பலமுறை புதுப்பிக்கப்பட்ட அதன் இன்றைய கட்டடம் 1973இல் எழுந்தது. எனவே பழமையைக் கட்டடத்தில் தேடி வருவோர் ஏமாற்றமடைவர். பழமை அங்கு வழிபடும் முறையிலும் நினைவிலும் தங்கியுள்ளது.

அந்நினைவுகளுள் ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மாகிம் கழிமுகத்திற்கு அப்பால் பாந்திராக் குன்றின்மேல் 'மவுண்ட் மேரி' எனப்படும் மலைமாதா ஆலயம் உள்ளது. 1739இல் வசாய்க் கோட்டை மராத்தியரிடம் வீழ்ந்து, சால்செட் பகுதி முழுவதும் போர்த்துக்கீசியர் கையைவிட்டு அகன்றபோது பாந்திரா ஆலயங்கள் அழிவுக்குள்ளாயின. குன்றின் மாதா திருவுருவம் கழிமுகத்திற்கு இப்பால் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மாகிமுக்குக் கொண்டுவரப்பட்டு, மிக்கேல் ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1761இல்தான் அது தன் குன்றுக்குத் திரும்பியது. ஆகவே பைசாந்திய ஓவியம் மாகிமுக்கு வருவதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே, மலையிழந்த மாதாவுக்கு அடைக்கலம் தந்த இடம் என்னும் தகுதியை அவ்வாலயம் பெற்றிருந்தது.

1948இல் அவ்வாலயப் பங்குக்குரு ஒருவர், அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் தாம் கண்ட நவநாள் வழிபாட்டை இங்குத் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 8 புதன்கிழமை. மரியாளின் பிறந்தநாளாகிய அந்நாளே வேளாங்கண்ணித் திருவிழாவின் நிறைவு நாள் என்பதைத் தமிழர் அறிவர். அதே ஆண்டு சூன் திங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவை அடுத்த பக்லாரன் ஆலயத்திலும் இதே நவநாள் புதன்கிழமை வழிபாடாகத் தொடங்கியது. சிங்கப்பூரில் ஒரு வட்டாரமே 'நொவீனா' எனப் பெயர் பெறுவதற்குக் காரணமான ஆலயமும் இவ்வோவியத்திற்கு உரியதே. போருக்குப் பின் ஆசியப் பெருநகரங்கள் குடியேறிகளால் நிரம்பிய காலத்தில் இவ்வழிபாடு அந்நகரங்களில் வேரூன்றியது தற்செயலாகத் தோன்றவில்லை.

மிக்கேல் ஆலயத்திற்கும் இவ்வோவியத்திற்கும் உட்பொருத்தம் ஒன்று உண்டு. தாயின் ஒருபுறம் ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தி வரும் தூதர் மிக்கேல். மறுபுறம் சிலுவையும் ஆணிகளும் ஏந்தி வருபவர் கபிரியேல். தூதர் அருகே உள்ள கிரேக்க எழுத்துகள் அவர்தம் பெயர்ச் சுருக்கங்களே. ஆலயத்தின் காவலர், அங்கு வணங்கப்பெறும் ஓவியத்தினுள்ளும் நிற்கிறார்.

தாராவி, மாதுங்கா, செம்பூர்

மும்பைத் தமிழர் ஒரே தன்மையர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் தாராவியில் நிலைபெற்றபோது, திருநெல்வேலி முதலிய தென்மாவட்டங்களிலிருந்து உழைக்கும் மக்கள் அங்குக் குடியேறினர். பஞ்சமும் சாதியக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டு நீங்கச் செய்தன. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியிருப்பாக்கியதில் அவர்தம் உழைப்பு பெரும்பங்கு உடையது. மாதுங்காவில் குடியேறியோர் பெரும்பாலும் கல்வி கற்று அலுவலகப் பணி நாடி வந்தோர். 1932இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்தம் முயற்சியின் விளைவு. செம்பூர், நகரம் கிழக்கே விரிந்தபோது தமிழர் சென்று தங்கிய பகுதி. உயர்ந்த மேட்டில் படியேறிச் சென்று வழிபடுமாறு அங்கு அவர்கள் எழுப்பிய திருச்செம்பூர் முருகன் கோயில், சமநிலத்திலும் குன்று ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும் தமிழர் சமய உணர்வுக்குச் சான்று. அதே செம்பூரில் இடைவிடா சகாய மாதா பெயரால் பங்கு ஆலயமும் பள்ளியும் உள்ளன.

மூன்று பகுதியினரின் சாதி, தொழில், பொருள்நிலை ஆகியன வேறுபட்டன. ஆயினும் அயலார் என்னும் நிலை எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. 1966இல் தோன்றிய சிவசேனா அப்பதிற்றாண்டில் தென்னிந்தியருக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி அலுவலகப் பணியாளரையும் உணவகம் நடத்துவோரையும் தாக்கியது. 1992-93 கலவரங்கள் தாராவியின் குடிசைகளையும் தொட்டன. இத்தகைய சூழலில், சாதியோ மொழியோ சமயமோ வினவாது நுழையவிடும் பொதுவிடம் ஒன்று புதன்கிழமைதோறும் திறந்திருத்தல் சிறிய செய்தி அன்று.

ஆலயத்தின் வெளியே மெழுகால் வார்த்த கை, கால், வீடு, குழந்தை முதலிய உருவங்கள் விற்கப்படுகின்றன. வேண்டியதன் உருவை வாங்கிப் படைத்தல் வழக்கம். ஊர்க்கோயில்களில் சுடுமண் உருவாரமும் வெள்ளிக் கண்மலரும் படைத்துப் பழகிய தென்மாவட்டத் தமிழருக்கு இதில் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. பொருள் மண்ணிலிருந்து மெழுகாயிற்று, மொழி ஒன்றே. ஒன்பது புதன்கிழமை தொடர்ந்து வருதலும் அத்தகையதே. ஒன்பது வாரம் விளக்கேற்றும் நேர்ச்சை தமிழ்ப் பெண்டிர் நன்கறிந்தது. 'நவநாள்' என்னும் சொல்லும் இப்பொருத்தத்திற்குத் துணைநிற்கிறது. இலத்தீனில் ஒன்பதைக் குறிக்கும் 'நோவெம்' என்பதும் வடமொழி 'நவ' என்பதும் ஒரே மொழிக்குடும்ப உறவின. ஆதலின் இச்சொல்லாக்கம் மூலச்சொல்லின் ஒலியையும் பொருளையும் ஒருங்கே காக்கிறது.

தமிழ் மரபில் அடைக்கலமும் சகாயமும்

'அடைக்கலம்' தமிழ் இலக்கியத்தில் ஆழ வேரூன்றிய கருத்து. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு காதையின் பெயரே அடைக்கலக் காதை. வாழ்விழந்து அயல்நகர் வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் ஆயர்குலப் பெண் மாதரியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலம் தந்தவள் தன் கடமையில் தவறவில்லை. எனினும் கோவலன் கொலையுண்பதை அவ்வடைக்கலம் தடுக்க இயலவில்லை. இங்கு அடைக்கலம் என்பது துன்பத்தை வராமல் தடுக்கும் அரண் அன்று. துன்பம் வரும் வழியில் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் கை.

லகுதேரா ஓவியத்திலும் அதன் வழிவந்த மாகிம் ஓவியத்திலும் காணப்படுவது இதுவே. தாய் தூதரை விலக்கவில்லை, கருவிகளை மறைக்கவில்லை. குழந்தை பற்றியுள்ள கையை அவள் விடாதிருக்கிறாள். தமிழ்ப் பிள்ளைத்தமிழ் மரபோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். பிள்ளைத்தமிழின் முதற்பருவமாகிய காப்புப் பருவத்தில் தெய்வங்கள் குழந்தையைக் காக்க வருமாறு வேண்டப்படுகின்றன. இவ்வோவியத்தில் மேலுலகிலிருந்து வருவோர் காப்பைக் கொணரவில்லை. குழந்தையின் இறப்பை முன்னுணர்த்தும் கருவிகளைக் கொணர்கின்றனர். காப்பு முழுவதும் தாயின் கையில் எஞ்சி நிற்கிறது.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இவ்விரு உணர்வுகளையும் இவ்வோவியம் வருமுன்னரே பாடியிருந்தது. வீரமாமுனிவர் (1680-1747) ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் அமைத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். மகனின் பாடு கண்டு வருந்தும் தாயின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியில் அமைத்தார். ஒன்று காவலைப் பாடுவது. மற்றொன்று துயரைப் பாடுவது. கிரேக்கப் பெயரும் உரோமைப் பெயரும் தனித்தனியே சுட்டிய இருபொருளும் தமிழில் ஒரு புலவரின் இரு நூல்களாக முன்னரே நின்றன. ஆகவே இவ்வோவியத்தைப் பெறுதற்குரிய இடம் தமிழில் ஆயத்தமாயிருந்தது எனல் மிகையாகாது.

மக்கட்பெயர் வழக்கும் இதனை உறுதிப்படுத்துகிறது. தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஆரோக்கியம், அடைக்கலம், சகாயம் என்பன இயற்பெயர்களாகவும் பெயரின் முற்பகுதியாகவும் பரவலாக வழங்குகின்றன. ஆரோக்கியம் வேளாங்கண்ணியையும், அடைக்கலம் ஏலாக்குறிச்சி முதலிய ஆலயங்களையும், சகாயம் இடைவிடா சகாய மாதாவையும் நினைவுறுத்துவன. திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் உள்ள உலக மீட்பர் பசிலிக்கா மக்கள் வழக்கில் சகாய மாதா கோயில் என்றே அறியப்படுகிறது. ஆயின் சகாயம் என முடியும் பெயரெல்லாம் இவ்வோவியத்தின் விளைவு எனக் கொள்ளுதல் பிழையாகும். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவசகாயம் பிள்ளையின் பெயர் 'லாசர்' என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கம். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். சகாயராணி, சகாயமேரி போன்று மாதாவோடு இயைந்த பெயர்களே ஈண்டுச் சான்றாகக் கொள்ளத்தக்கன. தாராவியில் பிறந்த குழந்தைக்கு இப்பெயர் இடப்படும்போது, ஊரின் நினைவும் நகரத்தின் வேண்டுதலும் ஒரு சொல்லில் இணைகின்றன.

மூலமும் படியும்

மாகிமில் வணங்கப்படுவது உரோமை ஓவியத்தின் படி. இல்லங்களில் மாட்டப்பட்டிருப்பது அப்படியின் அச்சுப் படி. மூல ஓவியத்தின் மதிப்பு படிகளுக்கு உண்டா என்பது கலை வரலாற்றார் எழுப்பக்கூடிய வினா. இதற்குப் பைசாந்தியரே விடை கூறியுள்ளனர். 8ஆம் நூற்றாண்டில் திருவோவியங்களை அழிக்கும் இயக்கம் பேரரசர் ஆதரவோடு எழுந்தபோது, 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், உருவத்திற்குச் செய்யும் வணக்கம் அவ்வுரு யாரைக் குறிக்கிறதோ அவரையே சென்றடைகிறது என முடிவு செய்தது. பூசல் 843இல் முழுமையாக ஓய்ந்தது. இக்கொள்கையின்படி வணக்கத்தின் மதிப்பு பலகையின் பழமையில் இல்லை. ஆகவே துரோடோஸ் சுவரோவியமும் தாராவியின் ஓரறை வீட்டில் மாட்டிய அச்சுப்படமும் வணங்குவோர்க்கு ஒரே வாயில்களே.

தமிழர்க்கு இது புதிதன்று. கருவறையில் நிலைத்த மூலவரும் வீதிக்கு எழுந்தருளும் உற்சவரும் ஒருவரே என்பது கோயில் மரபு. 1894இல் மும்பையில் தொடங்கப்பெற்ற ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப்படங்கள் தெய்வ உருவங்களை வீட்டுச் சுவருக்குக் கொணர்ந்தபின், அச்சுப்படத்திற்கு விளக்கேற்றும் வழக்கமும் பெருகியது. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, மறுப்பின்றி வீட்டிற்குள் வந்த படம் எத்துணைப் பொருளுடையதாயிருந்திருக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். சைப்ரஸ் மலைக்கோயிலுக்கு வழிபடுவோர் சென்றனர். மும்பையிலோ அம்மலைக்கோயிலின் உருவம் வழிபடுவோரிடம் வந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. துன்பக் கருவிகளுக்கு இடையே குழந்தையை ஏந்திய தாயின் உருவம், சைப்ரஸ் தன் ஆட்சியை இழந்த காலத்தில் மலைக்கோயில் சுவரில் இடம்பெற்றது. கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த நூற்றாண்டில் கிரீட்டில் நிலைத்த வடிவம் பெற்றது. உரோமையில் தன் ஆலயத்தை இழந்து மறைந்திருந்து மீண்டது. மாகிமில், முன்னரே மலைமாதாவுக்கு அடைக்கலம் தந்த ஆலயத்தை அடைந்தது. ஊர் நீங்கி வந்த தமிழர் அங்கு அதனைக் கண்டனர். எழுத்தைப் படிக்க இயலாதவர்க்கும் பற்றிய கையின் பொருள் விளங்கிற்று. அப்பொருளுக்கு அடைக்கலம், சகாயம் என்னும் சொற்கள் தமிழில் ஆயத்தமாக இருந்தன.

மும்பைத் தமிழர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குடியேற்றம், தொழில், அரசியல், தமிழ்ச்சங்கங்களின் பணி ஆகியவற்றையே நோக்கியுள்ளன. தெருமுனைக் கெபிகள், வீட்டுச் சுவர்ப் படங்கள், கையால் படியெடுத்த நவநாள் மன்றாட்டுகள், நேர்ச்சைக் கதைகள், மக்கட்பெயர்கள் ஆகியன இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. இதற்குக் காலம் நிறைய இல்லை. தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022இல் முடிவாகி, குடியிருப்புகளைக் கணக்கெடுக்கும் பணி 2024இல் தொடங்கியது. கணக்கெடுப்பு அறைகளை எண்ணும். அறையின் சுவரில் எந்தப் படம் ஏன் மாட்டப்பட்டது என்பதைக் கேளாது. லகுதேராக் கோயிலின் ஆண்டும் ஓவியமும் இன்று அறியக்கிடப்பதற்கு, 1192இல் ஒருவர் அதனைச் சுவரில் எழுதிவைத்தமையே காரணம். தாராவித் தெருக்களுக்கு அத்தகைய எழுத்து இல்லை. அவற்றை எழுதிவைக்கும் கடமை தமிழ் ஆய்வுலகத்தினுடையது.